ஓரத்து ரூம்

கண்ணையனுக்கு யார் டீ கொடுத்தாலும், வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் கையில் என்ன டம்ளர் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி உண்ணாமலைக்கு மட்டும் தெரியும்.

உடையார்பாளையத்தில் ஜெயங்கொண்டம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. அப்பா காலம் முழுக்க அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனவர். கண்ணையன் திருச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்து தொழில் பழகி, ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்த ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் எரிந்தாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். பயிர் காய்கிற நேரத்தில் பெரிய குடும்பத்து ஆட்கள்கூட, “கண்ணையா, கொஞ்சம் வெரசா வாப்பா” என்று கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். வேலை முடிந்ததும் கொல்லைக்கு டீ வரும். முன்பெல்லாம் மற்றவர்களுக்குச் சில்வர் டம்ளர். அவருக்கு மோட்டார் கொட்டகையில் செருகி வைத்திருக்கும் கண்ணாடி கிளாஸ். அதில் குழப்பம் ஒன்றும் இருக்காது. பேப்பர் கப் வந்தபிறகுதான் சிரமமாகிவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தால் காலம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா, இவர் வந்திருப்பதால் இன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் பேப்பர் கப் என்று எடுத்துக்கொள்வதா? அதை யோசித்துக்கொண்டு நிற்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் முதுகுவலி பிடித்துக்கொண்டது. மோட்டாரை இழுத்து இழுத்து வந்த வலி. மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினார். பிரஷர் இருந்ததே அவருக்குத் தெரியாது. முகமும் காலும் வீங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பிறகு இடது கை ரத்தக்குழாயில் ஒரு ஆபரேஷன் செய்து, இனிமேல் இந்தக் கையில்தான் ஊசி, பக்கத்து ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படித்தான் அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடிக்கு அவர் வந்து சேர்ந்தார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வாரத்தில் ஒரு நாள் திருச்சியிலிருந்து கிட்னி டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் அந்த மாடி மேகலா சிஸ்டர் கையில். பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்துக்காரி, நாற்பதை நெருங்கும் வயது, சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பாள்.

முதல் நாளே அவள், “எந்த ஊரு அய்யா?” என்று கேட்டாள்.

“உடையார்பாளையம்.”

“ஊருக்குள்ள எங்க? எந்தத் தெரு?”

கண்ணையன் அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். “ரோட்டுமேல கடை இருக்கு” என்று மட்டும் சொன்னார். அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

இருந்தாலும் அந்த ஹால் அவருக்குப் பழகிவிட்டது. அடுத்த படுக்கை தர்மன் என்பவருடையது. கல்லங்குறிச்சிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள மனிதர், கண்ணையனைவிட மூத்தவர். சர்க்கரையால் கிட்னி போனவர். முதல் நாளிலிருந்து “நீங்க, வாங்க” என்றுதான் பேசினார். நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தர்மன் ஊர்க்கதை பேசிப் பேசி அதைப் போக்கிவிடுவார். பெருமாள் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே கண்ணையன் தூங்கிப்போவதுண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை கண்ணையன் வழக்கம்போல எடை பார்த்துவிட்டுத் தன் படுக்கைக்குப் போனபோது மேகலா குறுக்கே வந்து நின்றாள்.

“அய்யா, இனிமே உங்களுக்கு அந்த ரூம்.”

ஹாலைத் தாண்டி, சாமான்கள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம். அதற்குள் ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு படுக்கை.

“ஏம்மா? அங்க என்ன குறை?”

“டாக்டர் சொல்லியிருக்காரு. அவர் வந்ததும் கேட்டுக்குங்க.”

தர்மன் அப்போது கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா, தூங்குவதுபோல இருக்கிறாரா என்று கண்ணையனுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கண்ணையனின் கண்ணுக்கு ஓய்வில்லை. ஹாலில் முகத்துக்குத் துணி மாஸ்க் மட்டும் போட்டுக்கொள்ளும் மேகலா, இவர் ரூமுக்குள் வரும்போது கண்ணாடித்தாள் போன்ற ஒரு மறைப்பையும் மாட்டிக்கொண்டு, மேலே ஒரு அங்கியும் போட்டுக்கொண்டு வந்தாள். இவருக்கென்று தனி விரிப்பு, தனி வாளி. இவர் எழுந்து போனதும் துப்புரவு வேலை செய்யும் ஆண்டாயி வந்து, படுக்கை, கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். அவளிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“எனக்கென்ன தெரியும்? தொடைக்கச் சொன்னாங்க, தொடைக்கிறேன்” என்றவள், வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “நம்மளுக்கு எங்க போனாலும் இதானே அண்ணே.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதற்குமேலும் ஒரு சோதனை வைத்துப் பார்த்தார் கண்ணையன். மகளுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஜெயங்கொண்டத்தில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய், ரூமுக்குள் வந்த மேகலாவிடம் நீட்டினார். “சந்தோஷம்ங்க. ஆனா வேணாங்கய்யா” என்று கை கூப்பினாள். அடுத்த வாரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். தர்மனின் மனைவி தூக்குவாளியைத் திறந்து அதிரசம் நீட்ட, மேகலா ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இதை உண்ணாமலையிடம் சொன்னார். “அந்த தர்மன் சொல்லித்தான் சிஸ்டர் பண்ணியிருக்கா. நான் எந்தத் தெருன்னு கேட்டு வச்சிக்கிட்டு, இத்தன மாசம் பாத்து, இப்ப ஒதுக்கிட்டாளுவ.”

“அவரு நல்லாத்தானே பேசுவாருன்னு சொல்லுவீங்க.”

“நல்லாப் பேசுறவன நம்பக் கூடாதுன்னு இப்பத்தானே தெரியுது.”

மகன் தமிழழகன் பெரம்பலூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். டாக்டர் வரும் நாளில் அவன்தான் போய்ப் பேசுவான்; கண்ணையன் கேட்டால் டாக்டர், “மகன்கிட்ட சொல்லியிருக்கேன்” என்று நகர்ந்துவிடுவார். அவனிடம் கேட்டால், “அங்க கூட்டம் இல்ல, ஏசி நல்லா இருக்கு. பேசாம படுத்துட்டு வாப்பா” என்றான். சொல்லும்போது அவன் கண் தரையில் இருந்தது. ஒரு தடவை அவனும் மேகலாவும் நடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையும் இதற்கு உடந்தை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. இவன் படித்தவன், சண்டை வேண்டாம் என்று அனுசரித்துப் போகிற ஜாதி என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டார்.

“திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு கொடுக்கப் போறேன். தீண்டாமைன்னு எழுதித்தான் கொடுப்பேன்” என்று அறிவித்தார். தமிழழகன் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, அதெல்லாம் வேணாம். அது அப்படியில்ல” என்றான். “எப்படி, சொல்லு” என்றால் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணையன் டயாலிசிஸுக்குப் போகவில்லை. தனியாக ஒதுக்கிப் படுக்கவைக்கிற இடத்துக்குப் போய் உயிர் பிழைக்க வேண்டியதில்லை என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். உண்ணாமலை அழுதாள், கெஞ்சினாள். மேகலா போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. கிட்னி போனவர் தொடவே கூடாது என்று சொல்லியிருந்த இளநீரையும் அன்றைக்கு வீம்புக்கு வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை மதியம் மூச்சு திணறியது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் சலசலப்பதுபோல இருந்தது. உண்ணாமலை தெருவில் ஓடிப்போய்க் கார் பிடித்தாள். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மாடியில் ஏற்றி, அதே ஓரத்து ரூமில் கிடத்தி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, கையில் ஊசி ஏற்றியது மேகலாதான். சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மெல்ல மெல்ல மூச்சுத் திணறல் குறைந்தது. கண்ணைத் திறக்காமலேயே கிடந்தார்.

கதவுக்கு வெளியே மேகலாவின் குரல் கேட்டது.

“ஒரு மாசமா நீங்க சொன்னதுக்காக நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன் தம்பி. இன்னிக்குப் பாத்தீங்கல்ல.”

“அவருக்குத் தெரிஞ்சா மருந்தே வேணாம்னு உக்காந்துடுவாரு சிஸ்டர்” என்றது தமிழழகன் குரல். “ஊருல என்ன வியாதின்னு கேப்பாங்க. கடைக்கு ஆள் வராது.”

“தெரியாததாலதானே இப்ப உக்காந்தாரு. இது அவரு உடம்பு. அவருக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கணும். டாக்டரும் நீங்களுமா பேசி முடிச்சீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். அது தப்பு. நாளைக்கு டாக்டர் வராரு. அவரு சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

கண்ணையன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். என்ன வியாதி? இது அவர் எதிர்பார்த்த பேச்சில்லை. அதனாலேயே அதுவும் ஒரு நாடகமாக இருக்குமோ, தன் காதில் விழட்டும் என்றே பேசுகிறார்களோ என்று தோன்றியது.

மறுநாள் டாக்டர் வந்தார். ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமி இருக்கிறது, ஹெபடைடிஸ் சி என்று பெயர், மாத்திரை இருக்கிறது, சரியாகிவிடும் என்று நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். மேகலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்து மறைப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இந்தக் கிருமி ரத்தத்துல மட்டும்தான் அய்யா பரவும். ஹால்ல ஒருத்தர் ரத்தம் துளி அடுத்தவர் மெஷின்ல பட்டாலும் ஆபத்து. அதனாலதான் தனி மெஷின், தனி ரூம், எனக்கு இந்த முகமூடி எல்லாம். மத்தபடி உங்க பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும், ஒரே டம்ளர்ல குடிச்சாலும் ஒட்டாது.”

“டம்ளருன்னு ஏன் சொன்னீங்க?”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அவர் ஒரு மாதமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எந்தத் தெருன்னு ஏன் கேட்டீங்க, மொத நாளு?” என்றார் கண்ணையன்.

“டயாலிசிஸ் முடிஞ்சி போறவங்க சிலபேரு பஸ்ஸ விட்டு எறங்கி வூட்டுக்கு நடக்கையில மயங்கி வுழுந்துருக்காங்க. அதனால எவ்ளோ தூரம் நடக்கணும்னு தெரிஞ்சிக்க எல்லாருகிட்டயும் கேப்பேன். ஆனா அது உங்க காதுல எப்படி வுழும்னு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும்.”

“அதிரசம்?”

“இந்த ரூமுக்குள்ளேருந்து எதையும் வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. அதான் உங்க மைசூர்பாக வாங்கல. காரணத்த சொல்ல முடியல, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அவங்க அதிரசத்த வாங்குனது நெசந்தான்.”

கண்ணையன் சமாதானமாகிவிடவில்லை. மூடி மறைக்க இப்படி ஒரு கதை கட்டமாட்டார்களா என்று கேட்டார். மேகலா கோபப்படவில்லை. “வேற லேப்ல எடுத்துப் பாருங்க. எந்த லேப்னு எங்கிட்ட சொல்லவே வேணாம்” என்றாள். அவரும் விடவில்லை. தமிழழகனைக்கூடக் கூப்பிடாமல், உண்ணாமலையை மட்டும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், யாரையும் விசாரிக்காமல் கண்ணில் பட்ட ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார். அங்கேயும் அதே முடிவுதான் வந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீண்டாமை இல்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல் வரவேண்டும், வரவில்லை. வேறு ஒரு சந்தேகம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஊசி ஏற்றி முடித்ததும் கேட்டார். “ரத்தத்துல மட்டுந்தான் பரவும்னு சொன்னீங்க. எனக்கு எங்கேருந்து வந்துச்சி?”

மேகலா கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீங்க இங்க வந்தப்ப எடுத்த டெஸ்ட்ல இல்ல. ஆனா சில பேருக்கு ரத்தத்துல தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். தஞ்சாவூர்ப் பக்கம் ரத்தம் ஏத்துனதுல வந்துருக்கலாம்.”

“இங்க?”

“இங்கயும் வந்துருக்கலாம். இல்லன்னு என்னால சொல்ல முடியாது.”

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று அடித்துப் பேசியிருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

“வேற யாருக்கு இருக்கு? தர்மனுக்கா?”

“அத சொல்ல மாட்டேன் அய்யா. உங்க விஷயத்தையும் நான் யாருகிட்டயும் சொல்லல. தர்மன் அய்யா பல தடவ கேட்டாரு. ஆண்டாயிக்குக்கூடத் தெரியாது. எல்லாரையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும்னு மேல எழுதிக் கொடுத்துருக்கேன். இன்னும் பண்ணல.”

“ஏன் பண்ணல?”

“எனக்கும் அதான் தெரியல.” அவள் மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க ஒண்ணு செய்யுங்க. சந்தேகப்படுறத விட்டுடாதீங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். உங்ககிட்ட வர ஒவ்வொருத்தரும் கை கழுவினாங்களா, கிளவுஸ மாத்தினாங்களான்னு பாருங்க. மாத்தலன்னா கேளுங்க. கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.”

சந்தேகப்படாதே என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகப்படு என்று சொன்னது இவள் ஒருத்திதான். அதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனார். முன்பு எழுத நினைத்த மனு வேறு, கொடுத்தது வேறு. அந்த மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழழகனை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது மகன் நடுவில் நிறுத்தி, “அப்பா, ஒன்னு சொல்லணும். பயந்துதான் மறைச்சேன்” என்றான். “எழுதி முடி மொதல்ல” என்றார் கண்ணையன். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். யாருக்கு என்ன வந்தது என்று கண்ணையனுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் ஓரத்து ரூமுக்குள் இன்னொரு மெஷினும் படுக்கையும் வந்தன. அவருக்குத் தெரியாத ஒரு அம்மா அதில் வந்து படுத்தார். கிருமி எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெளியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியூரில் ஏற்றிய ரத்தம்தான் காரணம் என்றார்கள். கண்ணையன் அதை நம்பவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

மேகலாவை மட்டும் கீழே வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் மாடிப்படியில் எதிரே வந்தவளைக் கண்ணையன் நிறுத்தினார்.

“என்னால வந்ததா?”

“உங்களால இல்ல. நான் பேசுனதால. ரெண்டும் வேற வேற” என்றாள். “மாத்திரைய நடுவுல நிறுத்தாதீங்க.”

நிறுத்தவில்லை. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டார். அதற்குப் பின்னும் காத்திருந்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. டாக்டர் ஹாலுக்குப் போகலாம் என்றார்.

தர்மன் அதே இடத்தில்தான் படுத்திருந்தார், ஆள் பாதியாக இளைத்துப்போய். கண்ணையனைக் கண்டதும் தலையைத் தூக்கினார்.

“எங்க போயிட்டீங்க இத்தன நாளு? அந்த சிஸ்டரக் கேட்டா வாயத் தொறக்கல. எம் பக்கத்துல படுக்கப் புடிக்காம எடத்த மாத்திக்கிட்டீங்களோன்னு நெனச்சேன். அந்தக் கதவத் தட்டிக் கேக்கவும் கூச்சமா போச்சி.”

கண்ணையன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நிஜமாகச் சொல்கிறாரா என்று பார்த்தார். வழக்கமாகக் கண்டுபிடித்துவிடுவார், இந்தத் தடவை முடியவில்லை. தன் வியாதியை அவரிடம் மறைத்தும் விடலாம். ஆனால் தன்னிடம் மறைத்தபோது எப்படி இருந்தது என்பது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

“ரத்தத்துல ஒரு கிருமி இருந்துச்சி அய்யா. கல்லீரலத் தாக்குற கிருமி. மருந்து சாப்ட்டு இப்ப இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் ஒதுக்கி வச்சிருந்தாங்க.”

புதிதாக வந்திருந்த நர்ஸ் தர்மனுக்கு ஊசியைச் சரிபார்த்துவிட்டு, அப்படியே கண்ணையன் பக்கம் திரும்பினாள்.

“கிளவுஸ மாத்திட்டு வாங்கம்மா” என்றார் கண்ணையன்.

அவள் முகம் சுண்டிப் போனது. மாற்றிக்கொண்டு வந்தாள். கண்ணையன் தர்மனைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அன்றைக்கு முழுவதும் அதிகம் பேசவில்லை. கிருமி என்ற சொல்லுக்காகவா, வேறு எதற்காகவா, களைப்பா என்று கண்ணையன் நாலு மணி நேரமும் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உண்ணாமலை முன்னால் போக, அவர் பின்னால் மூச்சு வாங்கி ஏறினார். மேல் படியில் நின்று, உள்ளே போகாமல், கதவின் கண்ணாடி வழியாக முதலில் ஹாலை ஒரு பார்வை பார்த்தார். தர்மன் இடம் மாறவில்லை. கண்ணையனின் படுக்கைமேல் கிடந்த யாரோ ஒருவருடைய பையை எடுத்து வேறு பக்கம் வைக்கச் சொல்லித் தன் மனைவியிடம் கை காட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, நின்னுட்டீங்க?” என்றாள் உண்ணாமலை.

“ஒன்னுமில்ல. போ” என்றார் கண்ணையன்.